ஹாங்காங்கின் சியோங்சாமும் ஜங்க் படகும்: எது பழசு, எது புதுசு?

கேட்கப்பட்டது இதுதான்: ஹாங்காங் பற்றி எந்த விளம்பரத்தை எடுத்தாலும் ஒரு பக்கம் உடலைப் பிடித்து நிற்கும் பட்டு சியோங்சாம் அணிந்த பெண், மறுபக்கம் சிவப்புப் பாய் விரித்த ஜங்க் படகு. இரண்டும் உண்மையிலேயே ஆயிரம் வருடப் பாரம்பரியமா, இல்லை சுற்றுலாத் துறையின் ஜோடனையா? நான்கு நாள் போகிறவருக்கு அசலாகப் பார்க்க ஏதாவது மிச்சம் இருக்கிறதா?

படகு பழசு, கவுன் புதுசு. ஆனால் விளம்பரத்தில் நீங்கள் பார்க்கும் வடிவம் இரண்டுக்குமே 1950, 60-களுடையது. இரண்டும் ஹாங்காங்கில் வேலைக்கு இருந்தவை. அலங்காரம் ஆனது வேலை போன பிறகு. அந்த வேலை போனதற்கும் பெரிய அளவில் ஒரே காரணம்தான். அதற்குப் பிறகு வருகிறேன்.

முதலில் கவுன். சிங் வம்சம் சீனாவை ஆண்ட காலத்தில் (1644–1911) ஆட்சியிலிருந்த மஞ்சூக்களின் உடை நேர்வெட்டான நீள அங்கி. அவர்கள் குதிரைக்காரர்கள், ஏறி உட்கார வசதியாக அங்கிக்குப் பிளவு வைத்தார்கள். அங்கியின் முன்பக்கம் நெஞ்சைத் தாண்டி வலது அக்குள் வரை போய் துணி முடிச்சுப் பொத்தானில் மாட்டும். அதன் மேல் அதிகாரிகள் போடும் மேலாடையில் நெஞ்சுக்கு நேராக ஒரு சதுரம் இருக்கும். குடிமை அதிகாரி என்றால் அதில் பறவை, படை அதிகாரி என்றால் விலங்கு. எந்தப் பறவை, எந்த விலங்கு என்பதை வைத்து ஆளின் பதவியைச் சொல்லிவிடலாம். அரசவை அங்கியின் கீழ் விளிம்பில் சாய்ந்த வண்ணக் கோடுகளாகக் கடல், அதற்கு மேல் சுருண்ட அலைகள், அலைகளுக்கு நடுவே மலை. போட்டுக்கொண்டு நிற்கிறவர் உலகத்தின் நடுவில் நிற்கிறார் என்று கணக்கு.

இந்த அங்கியும் ஹாங்காங் படகும் ஒரே கதையில் சேர்ந்து வரும் ஒரு விசித்திரமான சம்பவம் உண்டு. ஹாங்காங் பிரிட்டிஷார் கைக்கு வந்து சில ஆண்டுகளே ஆன நேரம். சில ஆங்கிலேய முதலீட்டாளர்கள் ஒரு பெரிய தேக்கு ஜங்கை ரகசியமாக வாங்கினார்கள். ரகசியம் எதற்கென்றால், வெளிநாட்டவருக்கு ஜங்க் விற்பதைச் சீனச் சட்டம் தடுத்தது. ஹாங்காங்கைப் பிரிட்டிஷாருக்குக் கொடுத்த நான்ஜிங் உடன்படிக்கையில் கையெழுத்திட்ட மஞ்சூ அதிகாரியின் பெயரையே அதற்கு வைத்தார்கள்: கீயிங். 1846 டிசம்பரில் ஹாங்காங்கிலிருந்து புறப்பட்டு, நன்னம்பிக்கை முனையைச் சுற்றி, 1847 ஜூலையில் நியூயார்க், 1848 மார்ச்சில் லண்டன் என்று போய்ச் சேர்ந்தது. வழியில் சீன மாலுமிகளுக்குச் சம்பளப் பாக்கி. இவ்வளவு தூரம் போவதாக எங்களிடம் சொல்லவே இல்லை என்று அவர்கள் நியூயார்க்கில் வழக்குப் போட்டு ஜெயித்தார்கள். பலர் அங்கேயே இறங்கி ஊர் திரும்பிவிட்டார்கள். எனக்கு அந்தக் கப்பலின் வரலாற்றில் ரொம்பப் பிடித்த பகுதி இதுதான்.

ஆனால் உலகம் நினைவில் வைத்தது வேறொன்றை. லண்டனில் கீயிங் டிக்கெட் போட்டு வேடிக்கை காட்டும் பொருளாக நின்றது. அதில் 'மாண்டரின்', அதாவது சீன உயரதிகாரி, என்று சொல்லப்பட்ட ஹீ சிங் என்பவர் இருந்தார். 1851 மே 1 அன்று மகா கண்காட்சியின் திறப்பு விழாவில் அவர் முழு அங்கியோடு முன்னால் வந்து விக்டோரியா ராணிக்கு வணக்கம் செலுத்த, யாரோ பெரிய சீனப் பிரமுகர் என்று நினைத்து அவரையும் முக்கியஸ்தர்களின் ஊர்வலத்தில் சேர்த்துவிட்டார்கள். ஹென்றி செலூஸ் தீட்டிய திறப்பு விழா ஓவியத்தில் அவர் இன்றும் தூதர்களோடு தூதராக நிற்கிறார். ஆளைக் கேட்க வேண்டியதே இல்லை, அங்கி பேசிவிட்டது. ஹாங்காங்கையும் சீன அங்கியையும் படகையும் ஒரே சட்டத்தில் போட்டுக் காட்டும் வழக்கம் அப்போதே தொடங்கிவிட்டது என்று சொல்லலாம்.

இந்த அங்கியிலிருந்து சியோங்சாம் நேராக வந்ததா? ஆராய்ச்சியாளர்கள் இன்னும் சண்டை போடும் விஷயம். மஞ்சூப் பெண்களின் அங்கிதான் சுருங்கிச் சியோங்சாம் ஆனது என்று ஒரு கட்சி. இன்னொரு கட்சி, ஹான் சீனப் பெண்கள் அதுவரை மேல்சட்டை, கீழே பாவாடை அல்லது காற்சட்டை என்று இரண்டு துண்டாக உடுத்தியவர்கள். ஒரே துண்டான நீள அங்கி படித்த ஆண்களின் உடை. 1920-களில் ஷாங்காயின் மாணவிகளும் படித்த பெண்களும் ஆண்களுக்குச் சமம் என்று காட்டவே அதை எடுத்துப் போட்டார்கள் என்கிறது. நான் இரண்டாவது கட்சி. ஆரம்ப காலப் புகைப்படங்களைப் பாருங்கள்: இடுப்பே தெரியாத, மணி போல அகன்ற, கழுத்து மூடிய உடை. அழகு காட்ட எடுத்த உடையாக அது தெரியவில்லை. மாநாட்டுக்குக் கிளம்பிய உடையாகத் தெரிகிறது.

1929-இல் நான்ஜிங்கிலிருந்த குடியரசு அரசு உடை விதிகளை வெளியிட்டபோது பெண்களின் முறையான உடைகளில் ஒன்றாக இதைச் சேர்த்தது. நீல நிறம், நீளம் முழங்காலுக்கும் கணுக்காலுக்கும் நடுவே. விதி எழுதிய மை காய்வதற்குள் ஷாங்காய் வேறு பக்கம் போய்விட்டது. 1930-களில் உடை தரையைத் தொட்டது, பிளவு மேலே ஏறியது, இடுப்பு வந்தது. 1940-களில் போர்க்காலத் துணிப் பஞ்சத்தில் குட்டையானது, கையும் போனது. 1943 பிப்ரவரியில் சியாங் கை-ஷேக்கின் மனைவி சூங் மெய்-லிங் அமெரிக்க நாடாளுமன்றத்தில் பேசியபோது அணிந்திருந்தது கறுப்புச் சியோங்சாம். அப்போதைக்கு அதுதான் நவீன சீனப் பெண்ணின் சீருடை. வடக்கே அதை சீப்பாவ் என்பார்கள். மலேசியா, சிங்கப்பூர் தமிழர்களுக்கு சியோங்சாம் என்ற பெயர்தான் பழக்கம், அதனால் நானும் அதையே பிடித்துக்கொள்கிறேன்.

ஹாங்காங் கதைக்குள் வருவது 1949-ஐ ஒட்டி. 1945-இல் ஜப்பானியர் வெளியேறியபோது ஏறத்தாழ 6 லட்சம் பேர் இருந்த ஊர், ஐந்தாண்டில் 20 லட்சத்தைத் தாண்டியது. கம்யூனிஸ்டுகள் ஷாங்காயைப் பிடித்ததும் ஆலை முதலாளி, நடிகை, சமையற்காரர் எல்லாரும் கிளம்பி வந்தார்கள். அவர்கள் பின்னால் தையல்காரர்களும் வந்தார்கள். வாடிக்கையாளர் போன இடத்துக்குத்தானே தையல்காரன் போவான்.

அந்தத் தையல்காரர்களில் ஒரு வகையினரைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். ஷாங்காய்க்குத் தெற்கே நிங்போ வட்டாரத்துக்காரர்கள், துறைமுகத்துக்கு வந்த வெள்ளைக்காரர்களுக்குக் கோட்டு, கால்சட்டை தைத்தே தொழில் கற்றவர்கள். 'சிவப்புக் கூட்டம்' என்று அவர்களுக்குப் பெயர். செந்தலை வெளிநாட்டவருக்குத் தைப்பவர்கள் என்ற கிண்டல். பழைய சீன அங்கி ஒரே துணியைத் தோளில் மடித்து வெட்டுவது. தோளில் தையலே கிடையாது, மேசையில் விரித்தால் தட்டையாகக் கிடக்கும். கோட்டுத் தையல்காரர்களின் வித்தை வேறு. மார்பிலும் இடுப்பிலும் டாட் பிடிப்பது (துணியைக் கூர்மடிப்பாக மடித்துத் தைப்பது), தோளைச் சாய்த்துத் தைப்பது, கையைத் தனியாக வெட்டி இணைப்பது, ஈரத்துணி போட்டு இஸ்திரியால் துணியை உடம்பின் வளைவுக்கு இழுப்பது, பக்கத்தில் ஜிப் வைப்பது. இந்த வித்தைகள் எல்லாம் 1950-களின் ஹாங்காங்கில் சியோங்சாமுக்குள் முழுசாக இறங்கின. விளம்பரத்தில் நீங்கள் பார்க்கும் அந்த இறுக்கம் அங்கிருந்து வந்தது. பழமைக்கே அடையாளம் என்று நாம் நினைக்கும் அம்சம், துறைமுகத்தில் வெள்ளைக்காரனுக்குக் கோட்டு தைத்த கையிலிருந்து வந்திருக்கிறது.

ஒரு பொத்தானை மட்டும் கிட்டத்தில் பார்ப்போம். பட்டுத் துணியைக் குறுக்குச் சாய்வாக வெட்டிக் குச்சி போன்ற பட்டை எடுப்பார்கள். நேராக வெட்டினால் வளையாது, சாய்வாக வெட்டினால்தான் வளைந்து கொடுக்கும். பசை தடவிக் காயவைத்து விறைப்பாக்கி, உள்ளே தலைமுடி போன்ற செம்புக் கம்பியை வைத்து மடித்து மூடுவார்கள். அப்புறம் சாமணத்தால் அந்தப் பட்டையை வளைத்து வளைத்து சாமந்தியாக, வண்ணத்துப்பூச்சியாக, எழுத்தாக ஆக்குவது. நடுவே வேறு நிறப் பட்டுக்குள் பஞ்சு திணிப்பதும் உண்டு. கடைசியில் அதை உடையில் தைக்கும் நூல் வெளியே தெரியக் கூடாது. கழுத்துப் பொத்தான் ஒரு ஜோடிக்கே கணிசமான நேரம் போகும். இதில் வேடிக்கை, உடையைத் தாங்குவது அந்தப் பூப்பொத்தான் கிடையாது. உள்ளே ஒளிந்திருக்கும் கொக்கியும் டிச் பட்டனும் ஜிப்பும்தான் தாங்குகின்றன.

எல்லாமே பட்டு என்றும் நினைக்க வேண்டாம். 1950-களில் ஹாங்காங் பெண்கள் அலுவலகத்துக்கும் பள்ளிக்கூடத்துக்கும் கடைவீதிக்கும் அணிந்தது பூப்போட்ட பருத்தி, குளிருக்குக் கம்பளி, பிறகு நைலான். விருந்துக்கும் கல்யாணத்துக்கும்தான் பட்டும் ஜரிகையும். நம் ஊரில் வாயில் புடவையும் பட்டுப் புடவையும் போல.

இப்போது படகு. ஜங்க் உண்மையிலேயே பழசு. அடிப்பகுதியைத் தண்ணீர் புகாத அறைகளாகத் தடுப்பது, பின்னால் நடுவில் சுக்கான் மாட்டுவது எல்லாம் சீனர்கள் பல நூற்றாண்டுகளாகச் செய்துவந்தவை. தென்சீனக் கரையின் ஜங்குகளுக்குச் சுக்கானில் சாய்சதுரத் துளைகள் வரிசையாக இருக்கும். துளை வழியாகத் தண்ணீர் கசிந்துவிடுவதால் பெரிய சுக்கானையும் ஒரே ஆள் திருப்பலாம். பாயில் மூங்கில் குச்சிகள் குறுக்கே ஓடும். ஒரு கட்டத்தில் கிழிந்தால் கிழிசல் அடுத்த குச்சியோடு நின்றுவிடும், ஒட்டுப் போட்டுக்கொண்டு ஓடலாம். புயல் வந்தால் கயிற்றை விட்டதும் பாய் தன் எடையிலேயே மடிந்து இறங்கும். பலகை இடுக்குகளை அடைக்கும் கலப்பத்து வேலைக்கு, துங் மரத்து எண்ணெயும் சுண்ணாம்பும் நார்ப்பொடியும் சேர்த்து இடித்த விழுது. வரைபடம் கிடையாது. மேஸ்திரியின் கண்தான் அளவு.

பாயின் நிறத்துக்கு வருவோம். விளம்பரத்தில் அது ரத்தச் சிவப்பு. உண்மையான வேலைப் படகின் பாய் துருப்பிடித்த பழுப்பு, அதில் அங்கங்கே வேறு பழுப்பில் ஒட்டு. அந்த நிறம் ஒரு கிழங்கிலிருந்து வந்தது. தென்சீனக் காட்டில் விளையும் ஒரு வள்ளிக்கிழங்கு வகை. வெட்டினால் உள்ளே செந்நிறம், துவர்ப்பு மிகுதி. அதைத் துருவிப் பிழிந்த சாற்றில் பாயையும் வலையையும் ஊறவைத்துக் காயப்போட்டால் உப்புத் தண்ணீரிலும் பூஞ்சைக்காற்றிலும் சீக்கிரம் மக்காது. நைலான் வருவதற்கு முன் நம் கடற்கரைகளில் பருத்தி வலைக்கு மரப்பட்டைச் சாயம் ஏற்றியதும் இதே காரணத்துக்குத்தான்.

அதே கிழங்குச் சாறுதான் பட்டுக்கும் போனது. முத்து நதிக் கழிமுகத்தில், குறிப்பாக ஷுண்டே பக்கம், வெள்ளைப் பட்டுத் துணியை இந்தச் சாற்றில் நனைத்துப் புல்வெளியில் விரித்து வெயிலில் காயவைப்பார்கள். மறுபடி நனைப்பது, மறுபடி விரிப்பது, இப்படிப் பல தடவை. துணி செம்பழுப்பாகிக் கனத்ததும், சூரியன் வருவதற்கு முன் ஆற்றுச் சேற்றை ஒரு பக்கம் மட்டும் பூசுவார்கள். சேற்றிலிருக்கும் இரும்பும் கிழங்கின் துவர்ப்பும் சேர்ந்து அந்தப் பக்கம் கறுப்பாகிவிடும். ஆற்றில் அலசி எடுத்தால் ஒரு பக்கம் எண்ணெய் தடவியது போன்ற கறுப்பு, மறுபக்கம் பழுப்பு. நடந்தால் சரசரக்கும். உடம்பில் ஒட்டாது, வியர்வையில் நாறாது, நனைந்தால் நொடியில் காயும். துறைமுகத்தில் நாள் முழுக்க நனைகிறவர்களுக்கு இதைவிட என்ன வேண்டும்? அக்காலப் படங்களில் சம்பான் படகின் பின்னால் நின்று ஒற்றைத் துடுப்பை ஆட்டும் பெண்கள் மேலே சட்டை, கீழே அகலமான கால்சட்டை என்று கறுப்பில் பளபளப்பதற்குப் பெரும்பாலும் காரணம் இந்தத் துணி. அன்று வேலைக்காரர்களின் துணி. இன்று அதே துணியில் தைத்த சியோங்சாம் பணக்காரர்களின் அலமாரியில் தொங்குகிறது; 2008-இல் சீன அரசு அந்தச் சாயமேற்றும் முறையைத் தேசிய மரபுப் பட்டியலிலும் சேர்த்துவிட்டது. பாய்க்கும் உடைக்கும் ஒரே கிழங்கு என்ற இந்த உறவுதான், அந்த விளம்பரப் படத்தில் தற்செயலாக வந்துவிட்ட உண்மை.

அந்தப் பெண்கள் யார் என்றும் சொல்ல வேண்டும். படகிலேயே பிறந்து, படகிலேயே சமைத்து, படகிலேயே கல்யாணம் செய்துகொண்ட சமூகங்கள். தங்கா என்று கரைக்காரர்கள் சொல்வது வசையாக ஒலிப்பதால் 'நீர்மேல் மக்கள்' என்று சொல்வது மரியாதை. முதுகில் குழந்தை, கையில் துடுப்பு, நங்கூரமிட்ட கப்பலுக்குக் காய்கறி, துணி வெளுக்க ஆள், பயணி, சரக்கு என எல்லாவற்றையும் சுமந்தவர்கள். 1906 செப்டம்பர் 18-இல் வந்த சூறாவளி இரண்டு மணி நேரத்தில் சுமார் 10,000 பேரை வாரிக்கொண்டு போனது. செத்தவர்களில் பெரும்பகுதி படகுக்காரர்கள். அதற்குப் பிறகுதான் யாவ் மா டேயில் பெரிய புயல் ஒதுங்கிடம் கட்ட அரசு இறங்கியது, அதுவும் 1915-இல்தான் முடிந்தது. சியோங்சாம் இவர்கள் வாழ்க்கையில் அநேகமாக இல்லை. குனிந்து நிமிர்ந்து துடுப்புப் போட அதில் முடியாது.

கவுனும் கறுப்புக் கால்சட்டையும் தினம் தினம் ஒரே கூரையின் கீழ் வந்த இடம், ஹாங்காங் தீவுக்கும் எதிர்க்கரை கௌலூனுக்கும் நடுவே ஓடும் ஸ்டார் ஃபெரி. இதைத் தொடங்கியவர் நம் பக்கத்து ஆள் என்பது பலருக்குத் தெரியாது: தொராப்ஜி நவ்ரோஜி மிட்டாய்வாலா என்ற பார்சி, ரொட்டித் தொழிலும் விடுதியும் நடத்தியவர். 1888-இல் கௌலூன் ஃபெரி கம்பெனி ஆரம்பித்தார். 1898-இல் அதை விற்றார், பெயர் ஸ்டார் ஃபெரி ஆனது. பச்சையும் வெள்ளையுமான இரட்டைத்தலைப் படகுகள். எந்தப் பக்கம் முன், எந்தப் பக்கம் பின் என்பதே இல்லை. அக்கரை சேர்ந்ததும் படகு திரும்பாது, பயணிகள் இருக்கையின் சாய்மானத்தை மறுபக்கம் தள்ளிவிட்டு உட்கார்வார்கள். மேல்தளம் முதல் வகுப்பு, கீழ்த்தளம் இரண்டாம் வகுப்பு. மேலே சியோங்சாமும் கோட்டும். கீழே கூடையும் கோழியும் கறுப்புச் சட்டையும் இயந்திரச் சூடும். அந்த மேல்தளக் கட்டணத்தை ஐந்து சென்ட் ஏற்றப் போய்தான் 1966 ஏப்ரலில் ஓர் இளைஞர் படகுத்துறையில் உண்ணாவிரதம் உட்கார்ந்தார், அது கௌலூன் தெருக்களில் கலவரமாக வெடித்தது. ஏறியது பணக்காரத் தளத்துக் கட்டணம், கொதித்தது மற்றவர்கள். ஒன்று ஏறினால் மற்றதும் ஏறும் என்று அவர்களுக்குத் தெரியும்.

ராத்திரி ஃபெரி நின்றதும் வாலா-வாலா என்ற சின்ன மோட்டார் படகுகள் வாடகைக்கு வரும். விருந்து முடிந்து தாமதமாக வீடு திரும்புகிற பட்டுக் கவுன்காரர்களுக்கு அதுதான் கதி. அலையில் ஆடும் படகிலிருந்து ஈரப் படிக்கட்டில் முழங்காலுக்கு மேல் கால் தூக்க முடியாத உடையோடு ஏற வேண்டும். அந்தப் பிளவு குதிரைக்காக வந்தது, பயன்பட்டது படகுத்துறையில்.

சரி, இரண்டும் எப்படிப் போயின? முதலில் ஒரு பக்கக் கதை: சீனாவில் சியோங்சாம் செத்தது அரசியலால். 1967 ஏப்ரலில் அதிபர் லியு ஷாவ்சியின் மனைவி வாங் குவாங்மெய்யைப் பெய்ஜிங்கின் சிங்ஹுவா பல்கலைக்கழகத்தில் செங்காவலர்கள் (மாவோவின் கலாசாரப் புரட்சியில் இறங்கிய மாணவர் படை) கூட்டத்தில் நிறுத்தி, வெளிநாட்டுப் பயணத்தில் அணிந்த சியோங்சாமை வலுக்கட்டாயமாக மாட்டிவிட்டு, கழுத்தில் பிங்பாங் பந்து மாலை போட்டு அவமானப்படுத்தினார்கள். ஓர் உடை குற்றச் சாட்சியான நாள் அது. அதற்கப்புறம் அங்கே யார் தைப்பார்கள்?

ஹாங்காங்கில் அப்படி யாரும் தடுக்கவில்லை. 1972-ஐப் பாருங்கள். ஆகஸ்டில் துறைமுகத்துக்கு அடியில் சுரங்கச் சாலை திறந்தது; வாலா-வாலாவின் பிழைப்பு போனது. அதே ஆண்டு குவாய் சுங்கில் கன்டெய்னர் முனையம் இயங்கத் தொடங்கியது. அதுவரை கப்பல்கள் நடுத்துறைமுகத்தில் போயாவில் (மிதவையில்) கட்டி நிற்கும். சரக்கு ஜங்குகளும் பார்ஜ் என்ற தட்டைச் சரக்குப் படகுகளும் பக்கத்தில் ஒட்டி மூட்டை மூட்டையாக இறக்கும். புதிய துறைமுகம் வருவதற்கு முன் தூத்துக்குடியில் தோணிகள் செய்த அதே வேலை. ஹாங்காங்கில் இந்த நடுத்துறை வேலை முற்றாகச் சாகவில்லை, சொந்தக் கிரேன் வைத்த பார்ஜ்கள் கன்டெய்னரையே தூக்கப் பழகிக்கொண்டன. ஆனால் பாய் வைத்த மரப்படகின் காலம் முடிந்தது. மீன்பிடி ஜங்குகளுக்குப் போருக்குப் பிறகே இயந்திரம் வரத் தொடங்கிவிட்டது. 1960-களின் முடிவில் துறைமுகத்தில் பாய் அபூர்வம்.

அந்தக் கன்டெய்னருக்குள் என்ன போனது என்று கேட்டால் கதை முடிச்சு விழும். பெரும் பங்கு துணிமணி. ஷாங்காயிலிருந்து வந்த ஆலை முதலாளிகளும் அகதிப் பெண்களின் உழைப்பும் சேர்ந்து 1970-களுக்குள் ஹாங்காங்கை உலகின் பெரிய ஆயத்த ஆடை ஏற்றுமதி ஊர்களில் ஒன்றாக்கியிருந்தன. அமெரிக்காவுக்குத் தைத்த சட்டையும் பாவாடையும் உள்ளூர்க் கடையிலும் மலிவாகக் கிடைத்தன. அளவு கொடுத்து, இரண்டு முறை போட்டுப் பார்த்து, வாரக்கணக்கில் காத்திருந்து ஒரு சியோங்சாம் வாங்குவதற்குப் பதில், பஸ் ஏறி ஓட வசதியான உடையைக் கையோடு எடுத்துக்கொண்டு போகலாம். ஆலையில் வேலை செய்த பெண்ணுக்கே அதுதான் தோது. இரும்புப் பெட்டி ஒரு பக்கம் படகுக்காரரின் வேலையைத் தின்றது, அதை நிரப்பிய தொழில் மறுபக்கம் தையல்காரரின் வேலையைத் தின்றது. நகரம் பணக்கார நகரமானது இதனால்தான் என்பதால், நல்லதா கெட்டதா என்று ஒரே வார்த்தையில் என்னால் சொல்ல முடியாது.

வேலை போன இடத்தில் சின்னம் வந்தது. 1960-இல் வந்த ஒரு ஹாலிவுட் படத்தில் நாயகனும் நாயகியும் ஸ்டார் ஃபெரியில் சந்திக்கிறார்கள். நாயகி மதுக்கூடத்தில் சியோங்சாம் அணிந்து நிற்கும் பாலியல் தொழிலாளி. வெளியுலகுக்குச் சியோங்சாம் என்றால் இதுதான் என்று ஆனது. ஆசிரியைகளும் குடும்பத் தலைவிகளும் அணிந்த உடைக்கு இது நியாயமே இல்லை. இன்றுவரை ஹீப் யன், யிங் வா, ட்ரூ லைட் போன்ற பெண்கள் பள்ளிகளில் மாணவிகளின் சீருடையே தளர்வான பருத்திச் சியோங்சாம்தான். 1920-களின் அந்த மாணவி உடைக்கு இன்று மிக நெருக்கமானது எது என்று கேட்டால் அதைத்தான் காட்டுவேன்.

கல்யாணத்தில் பார்ப்பதைச் சியோங்சாம் என்று நினைத்துவிடாதீர்கள். மணப்பெண் அணியும் சிவப்பு மேல்சட்டையும் பாவாடையும் குவான் குவா. தங்கம், வெள்ளி இழையில் டிராகனும் பீனிக்ஸும். துணி எவ்வளவு மறைகிறது என்பதை வைத்துத் தரம். இழைகள் நெருங்கி நெருங்கி அடியிலிருக்கும் சிவப்பே தெரியாமல் போனால் அதற்குப் பெயர் 'குவா அரசன்'. சியோங்சாம் தைக்கும் கலையை ஹாங்காங்கின் பெயரிலேயே 2021-இல் சீனத் தேசிய மரபுப் பட்டியலில் சேர்த்தார்கள். கௌரவம் சரி, தைக்கிற கைகள் வயதானவை.

நான்கு நாளுக்கு என் யோசனை இது. படகுகளில், சிவப்புப் பாயோடு இரவு விளக்கில் சுற்றுவது 2006-இல் சுற்றுலாவுக்கென்றே கட்டிய அக்வா லூனா. மோட்டாரில் ஓடும், பாய் அழகுக்கு. வேலை பார்த்த ஜங்க் வேண்டுமென்றால் டுக் லிங், 1955-இல் மக்காவில் கட்டிய மீன்பிடிப் படகு. சென்ட்ரல் 8-ஆம் துறையில் கடல்சார் அருங்காட்சியகம் இருக்கிறது, ஜங்க் மாதிரிகளுக்கு அரை நாள் ஒதுக்குங்கள். குவாரி பே பூங்காவில் அலெக்சாண்டர் கிரான்தம் என்ற தீயணைப்புப் படகைக் கரையேற்றி வைத்திருக்கிறார்கள். 1953 முதல் 2002 வரை உழைத்தது, கூட்டமே இருக்காது. அபர்தீனில் சம்பான் பிடித்து ஒதுங்கிடத்தைச் சுற்றுங்கள். நம் மீன்பிடித் துறைமுகங்களைப் பார்த்தவருக்கு உடனே புரியும். ஸ்டார் ஃபெரியில் மேல்தளத்தில் ஒரு தடவை, கீழ்த்தளத்தில் ஒரு தடவை. கீழே நின்றால் நீலச் சீருடைக்காரர் கொக்கிக் கம்பால் கயிற்றைப் பிடித்துத் துறையில் மாட்டுவதைக் கைக்கெட்டும் தூரத்தில் பார்க்கலாம்.

கவுன் தைக்க ஆசை இருந்தால் முதல் நாளே போய்விடுங்கள். நான்கு நாளில் கைத்தையல் சியோங்சாம் கிடைக்காது. கிடைக்கும் என்று சொல்கிறவரிடம் வாங்காதீர்கள். அளவு கொடுத்து, கிளம்பும் முன் ஒரு முறை போட்டுப் பார்த்து, முடித்து அனுப்ப முடியுமா என்று கேளுங்கள். சந்தையில் தொங்கும் பாலியெஸ்டர் சியோங்சாமையும் நல்லதையும் பிரித்தறிய மூன்று இடம் போதும்: பொத்தானின் பின்பக்கம் நூல் தெரிகிறதா, விளிம்புப் பைப்பிங் வளைவில் சுருங்குகிறதா, பக்கவாட்டில் பூ டிசைன் திறப்பின் இரு பக்கமும் ஒன்றோடொன்று சேருகிறதா. மூன்றாவது சரியாக இருந்தால் விலை கேட்டு மயங்கி விழத் தயாராகிக்கொள்ளுங்கள்.